அண்ணாச்சி கடைக்கு எதிரே ஒரு போஸ்டர்

— நிறுத்து மாமு, நிறுத்து. இது நம்ம படத்துல வர்ற சீனே இல்லியே. இது உங்க நைனாவோட மிளகா மண்டிதானே?

— ஆமா. சும்மா பாரு காலித்.

— எண்ணூர்ல எடுத்த சாவு சீனை எடிட் பண்ணலாம்னுதானே என்னை ராயபுரத்துக்கு இஸ்துகினு வந்தே? இத்த இன்னாத்துக்கு எடுத்து வச்சிகினு கீறே?

— இன்னைக்குக் காலையில எடுத்தது. தெருமுனை மாடியில கேமராவ ஒளிச்சு வச்சிட்டேன், கேட்டியா. அப்பாவுக்குத் தெரியாது.

— டேய் ஜெனிஷு, செவுத்துல இன்னாடா அது? கண்ணீர் அஞ்சலி போஸ்டரா? உன் மூஞ்சி!

— ம்.

— எண்ணூர்ல ஒட்னத நானே என் கையால சொரண்டி எடுத்தேனே! ஹீரோ தன் போட்டோவைத் தரமாட்டேன், அபசகுனம்னு சொன்னாரு. சினிமாதானே போனா போவுதுன்னு நீ உன் போட்டோவைக் குட்த்தே. ஆனா அதுல ஹீரோவோட கேரக்டர் பேருதானே இருந்துச்சு?

— இது வேற. எம்பேரப் போட்டு ஒண்ணே ஒண்ணு தனியா அடிச்சேன். நேத்து அவரு கடையடைச்சிட்டு மேல வீட்டுக்குப் போனதும் போய் ஒட்டிட்டு வந்தேன்.

— மறைவுன்னு நேத்து தேதி. கீழ 'துயரத்தில் வாடும் நண்பன் காலித்'. அடப்பாவி, என் பேரையும் போட்டியா! ஏன்டா, உனக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா?

— படத்துக்கு வேணும்டா. புள்ள செத்துட்டான்னு தெரிஞ்சதும் பெத்தவன் மூஞ்சி எப்படி ஆவும்னு எனக்கு எழுத வரல. பாட்டு எழுதிட்டேன், மியூசிக் போட்டுட்டேன். அந்த மூஞ்சி மட்டும் வரல. நம்ம நடிகரு நாள் பூரா மார்ல அடிச்சுக்கிட்டு அழுறாரு, எல்லாம் பொய். நிஜமா ஒரு அப்பன் மூஞ்சிய அவருக்குக் காட்டணும், கேட்டியா.

— நாம சாவு வூடு சாவு வூடா போய் கானா பாடினவங்க மாமு. பொணத்தாண்ட குந்திகினுதான் நீ டியூன் போடவே கத்துகினே. பெத்தவங்க அழுவறத நீ பார்த்ததே இல்லியா?

— அடுத்தவன் அப்பன் அழுததப் பாத்திருக்கேன். எங்கப்பா அழுவாரான்னு தெரியாது. மொதப் பாட்டுக்கு மிளகா மூட்டை மேல லேப்டாப்ப வச்சுத்தான் பீட் போட்டேன். தூக்கித் தெருவுல எறிஞ்சாரு. அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடுனப்பவும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை கெடையாது. அடுத்தவன் படத்துக்கெல்லாம் மியூசிக் போட்டேன், இப்ப நானே படம் எடுக்கேன். அந்தக் கடை வாசல்ல மட்டும் நிக்க முடியல. 'நீ செத்தாக்கூட எனக்குச் சொல்லி விடாத'ன்னாரு. சரி, சொல்லித்தான் பாப்போமேன்னு...

— தப்புடா. கலீஜான வேலை.

— வர்றாரு பாரு. பேசாத.

— ...கண்ணாடியத் தொடச்சி மாட்டிக்கினாரு. படிக்கிறாரு. இன்னாடா, அப்டியே நிக்கிறாரு? போஸ்டரத் தடவிப் பாக்குறாரு மாமு.

— பசை காஞ்சிருச்சான்னு பாக்காரு. வேறென்ன.

— கடைப் பையனாண்ட தண்ணி கேட்டு வாங்குறாரு. போஸ்டரு மேல ஊத்துறாரு.

— பாத்தியா? பாத்தியா? கிழிக்காரு! செத்த பெறகும் என்னைச் செவுத்துல கூட இருக்க விடமாட்டேங்காரு!

— கிழிக்கல மாமு. ஓரத்துலேந்து மெதுவா உரிக்கிறாரு. நாலா மடிச்சி சட்டைக்குள்ள வச்சிக்கினாரு பாரு.

— பொட்டலம் மடிக்க ஆகும்ல! எங்கப்பா ஒரு காயிதத்த வீணாக்க மாட்டாரு.

— வாயக் கழுவுடா.

— இரு, இன்னும் இருக்கு. ஷட்டரத் தூக்குறாரு. கல்லாவுல உக்காந்துட்டாரு. வந்தவனுக்கு எடை போடுறாரு. புள்ள செத்த சேதி தெரிஞ்சும் யாவாரம்! மிளகாய்க்கு நடுவுலயே கெடந்து கெடந்து கண்ணு வத்திப் போச்சு அந்த மனுசனுக்கு.

— போதும், ஆஃப் பண்ணு. இப்பவே போன் போட்டு உசுரோட கீறேன்னு சொல்லு. பெரியவரு பாவம்.

— என்ன பாவம்? அழுதிருந்தா அடுத்த நிமிசமே ஓடிப்போய்க் கால்ல விழுந்திருப்பேன் காலித். சத்தியமா. கீழ டீக்கடையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். ஷட்டர் தூக்குற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்துட்டேன்.

— மாமு...

— விடு. கிளைமாக்ஸ் கெடச்சிருச்சு. அப்பன் அழமாட்டான். கடையத் தொறந்து யாவாரம் பாப்பான். தியேட்டர்ல ஒருத்தன் மூச்சு விடமாட்டான் பாரு. அந்த எடத்துல பாட்டே வேண்டாம், தராசுச் சத்தம் போதும்.

— நீ அழுவுறே மாமு.

— ஆமா, அழுறேன். எனக்கு அழ யாராச்சும் ஒருத்தன் வேணும்ல?

— இருடா, போனு அடிக்குது. புது நம்பரு... அலோ? ஆமா, காலித்துதான். யாரு? ...மாமு. உங்க நைனா.

— ஸ்பீக்கர்ல போடு. நான் இருக்கேன்னு சொல்லாத. என்ன சொல்லுதாருன்னு கேப்போம்.

— தம்பி, மிளகா மண்டி சாலமோன் பேசுதேன். ஒங்க வாப்பாகிட்டத்தான் நம்பர் வாங்கினேன். எதுக்குன்னு அவருகிட்டச் சொல்லல. நீயும் கொஞ்சம் மெதுவாப் பேசுப்பா.

— சொல்லுங்க அண்ணாச்சி. அது வந்து, அந்தப் போஸ்டரு...

— பாத்தேன். அவன் அம்மை ஜன்னலத் தொறந்தா அதுதான் கண்ணுல படும், அதான் எடுத்துட்டேன். அவளுக்கு நெஞ்சுல ஆப்ரேசன் ஆகி நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டியாந்தேன், அவனுக்குக்கூடச் சொல்லல. மண்டிக்கு மேலதான கெடக்கா. ஷட்டர் சத்தம் கேக்கலன்னா ஏன் கடை தொறக்கலன்னு கேப்பா தம்பி, நான் என்னத்தச் சொல்ல?

— அண்ணாச்சி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க...

— எம்புள்ளைய எப்ப எடுக்கீய தம்பி? அவ மாத்திரை போட்டுக் கண்ணசந்ததும் ஓடியாந்திருதேன், நான் வந்து மொவம் பாக்கதுக்குள்ள பெட்டிய மூடிராதீய.