பனியைத் திருப்பிக் கொடுத்தேன்

பத்துப் பொருளுக்குள் வாங்கியவர்களுக்கென்று கடையில் ஒரு தனி வரிசை இருக்கிறதே, அதில் பதினோராவது பொருளோடு நான் ஒருநாளும் நின்றதில்லை. ஒரு டஜன் முட்டையை ஒன்றாக எண்ணுவதா, பன்னிரண்டாக எண்ணுவதா என்று சிலர் வாதம் பண்ணுவார்கள். ஒன்றுதான், பெட்டி ஒன்று. ஆனால் தனித்தனியாகப் பொறுக்கிப் போட்ட ஆறு ஆப்பிள் ஆறுதான். எனக்கு முன்னால் நிற்கிறவர்களின் கூடையையும் நான் எண்ணுவேன். பதினான்கு இருந்தால் மரியாதையாகச் சொல்லுவேன். முறைப்பார்கள், முறைக்கட்டும். யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதைக் குறித்துக்கொண்டீர்களா? நல்லது.

நான் வந்ததற்குக் காரணம் பச்சேக்கோ. பனி தள்ளும் லாரி ஓட்டுகிற அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. வியாழக்கிழமை மதியம் அவர் லாரி தள்ளிய பனியில் எங்கள் தெருவில் நின்ற நீலக் கார் புதைந்தது, புகைக்குழாய் அடைத்துக்கொண்டது, உள்ளே இருந்த பெண் விஷப்புகையில் இறந்துபோனாள் என்று செய்தியில் சொல்கிறார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம். வழக்கும் போடப்போகிறார்களாம். செய்யாத காரியத்துக்கு ஒருவர் தலையில் பழி விழுவதை வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்க்க என்னால் முடியாது. அவர் லாரி எங்கள் தெருவுக்கு வந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. அதற்கு முன்பே அந்தப் பனி அங்கே இருந்தது. போட்டது நான்.

என் பெயர் ஃபிலிஸ் மல்கேஹி. அறுபத்து நான்கு வயது. பிறந்ததிலிருந்து தென் பாஸ்டனில், அதே தெருவில், அதே வீட்டில். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட முனையில் கையில் பலகை பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. மேயர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் கொடுத்தார்கள், கூடத்தில் மாட்டியிருக்கிறேன். தேர்தல் நேரத்தில் என் வேலியில் எந்தக் கட்சிப் பலகையும் வைப்பதில்லை. என் ஓட்டு என்னோடு. முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டில் முதல் மாடியில் இருக்கும் லியோ பிராஸ்னஹன் இரண்டு பலகை வைப்பார். எல்லோருக்கும் எல்லாம் பொதுவென்று பேசுகிற ஆள். பேசலாம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குப் பேசுவதைத் தவிர வேறென்ன வேலை.

எங்கள் தெருவில் நாற்காலி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். புயல் ஓய்ந்ததும் உன் வீட்டு வாசலில் ஒரு காருக்கான இடத்தை நீ ஷவல் போட்டு அள்ளி எடுக்கிறாய். நான்கு மணி நேரம் முதுகு ஒடிய அள்ளினால்தான் தார் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போகிறாய். யாரும் அதைத் தொடமாட்டார்கள். பனிப்புயல் அவசரநிலையை எடுத்தபின் நாற்பத்தெட்டு மணி நேரம்தான் என்கிறது நகராட்சி. அது அவர்கள் அபிப்பிராயம். ஷவல் பிடித்தவர்கள் யாரும் அந்த விதியை எழுதியிருக்க முடியாது. எங்கள் தெருவில் பனி கரைகிறவரைக்கும்தான் கணக்கு. இதைவிட நியாயமான ஏற்பாடு இந்த நாட்டிலேயே கிடையாது என்பது என் கருத்து. யார் உழைத்தார்களோ அவர்களுக்கு, அவ்வளவுதான்.

நாற்காலியை எடுத்தவன் டயரைக் கிழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் காரையே பனிக்கட்டியாக்கிவிடுகிற ஆட்களும் உண்டு. அதெல்லாம் காட்டுமிராண்டித்தனம், அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்துவது தப்பு. என் வழி வேறு. அந்த இடத்திலிருந்து நான் அள்ளிய பனி நடைபாதை ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. இடம் உனக்கு வேண்டுமென்றால் அந்த இடத்துப் பனியும் உனக்குத்தான். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஒரு ஷவல்கூடக் கூடுதலாகப் போடமாட்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

நீலக் கார் மிர்லாந்த் என்ற பெண்ணுடையது. லியோவைக் கவனித்துக்கொள்ள ஏஜென்சி அனுப்புகிற பெண். ஹெய்ட்டியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இதுதான் அவளுக்கு முதல் குளிர்காலம். இருபத்தாறு வயதென்று செய்தியில்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவள் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. என் கூடப்பிறந்த தங்கையாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

எங்கள் தெரு ஜெரார்ட் டல்லியைக் கேட்கிறீர்களா? அவர் ஜனவரியில் என் இடத்தில் வண்டியை விட்டது உண்மைதான். யார் சொன்னது, லியோவா? ஜெரார்டின் வைப்பரில் ஒரு சீட்டு செருகி வைத்தேன். "தயவுசெய்து" என்றுகூட எழுதியிருந்தேன். ஜெரார்டுக்கு முதுகுவலி. அவர் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மாதா கோவில். அது வேறு விஷயம்.

புதன்கிழமை லியோ என்னை ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். திங்கட்கிழமை புயல் ஓய்ந்தது, செவ்வாய்க்கிழமை காலையில் அவசரநிலையை எடுத்துவிட்டார்கள், என் நாற்காலி அப்போதும் அங்கேதான் இருந்தது.

"ஏ ஃபிலிஸ், அந்தப் பொண்ணு இடம் தேடி நாப்பது நிமிஷமா தெருத்தெருவா சுத்துறா. என் மாத்திரை நேரமெல்லாம் தள்ளிப்போகுது. பகல்ல ஒரு ரெண்டு மணி நேரம் அந்த நாற்காலிய எடுத்து வெச்சா உன் கிரீடம் எறங்கிடுமா?"

"நான் அள்ளின இடம், லியோ."

"தெரு என்ன உங்க தாத்தா வீட்டு சொத்தா? வரி கட்டுறவன் எல்லாருக்கும்தான்."

"அப்ப வரி கட்டுறவன் எல்லாரும் வந்து அள்ளியிருக்கலாமே. உங்க கட்சிக்காரங்க ஒருத்தரையும் ஷவலோட நான் பாக்கலையே."

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா, தாயே. மனசுன்னு ஒண்ணு வேணும், அத எங்க போய் வாங்குறது?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்கா மனசு இல்லை? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கிழவருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்?

வியாழக்கிழமை காலையில் பள்ளி முனை வேலையை முடித்துவிட்டு, வண்டியை எடுத்து, அந்த இடத்தில் நாற்காலியை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது பன்னிரண்டு. என் இடத்தில் நீலக் கார். நாற்காலி என் வீட்டுப் படிக்கட்டில் இருந்தது. தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. பனியைத் துடைத்து, கம்பியில் சாய்த்து ஒழுங்காக வைத்திருந்தாள். லியோ சொல்லிக்கொடுத்துச் செய்கிறாள், கிழவர் என்னை நக்கலடிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் பைகளோடு வழுக்கிக்கொண்டே நடந்து வந்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாலை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஷவலை எடுத்தேன்.

முதலில் முன்சக்கரம். பிறகு சாலைப் பக்கம் முழுக்க. நடைபாதைப் பக்கம் அதற்கப்புறம். நான்கு நாள் கிடந்த பனி கல் மாதிரி இறுகியிருந்தது, குத்தி உடைத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. பின்பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். போட்டபின் ஷவலின் முதுகால் தட்டினேன், சரிந்து விழாமலிருக்க.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்கிறீர்கள். ஓடிக்கொண்டிருந்தது. குளிருக்கு ஹீட்டர் போட்டிருந்தாள். ஏஜென்சிக்காரர்களின் சட்டம் அப்படி. மதியம் அரைமணி இடைவேளையை நோயாளி வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, எடுத்தால் வேலைநேரமாகக் கணக்காகிவிடும். அதனால் அவள் தினமும் காரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், கொஞ்சம் கண் மூடுவாள். சமையலறையில் உட்காரச் சொல்லி லியோ எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார். வேலை போய்விடும் என்று அவள் பயந்துவிட்டாள். சட்டத்தை மதிக்கிற பெண். அந்த விஷயத்தில் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

ஆமாம், அவள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். காரைத்தானே சுற்றிச் சுற்றி வந்தேன்.

புகைக்குழாயைப் பற்றியும் தெரியும். ஒவ்வொரு புயலுக்கும் நகராட்சி போன் பண்ணிச் சொல்கிறது, ரேடியோவில் சொல்கிறார்கள். டிசம்பரில் என் முனையில் நிற்கும் பிள்ளைகளுக்கே நான் பாடம் மாதிரிச் சொல்லிக்கொடுப்பேன். "அப்பா வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பின்னாடி போய்ப் பாருங்க, கண்ணுங்களா, குழாய்ல பனி அடைச்சிருக்கான்னு." வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. நான் தட்டி முடித்ததும் வரவில்லை.

ஒரு பாடம் என்றுதான் நினைத்தேன். அரைமணி நேரத்தில் எழுந்து வண்டியை எடுக்கப் பார்ப்பாள், நகராது, இறங்கி வந்து என்னிடம் ஷவல் கேட்பாள். கொடுத்திருப்பேன். சேர்ந்தே அள்ளியிருப்பேன். அப்போது எங்கள் தெருவின் வழக்கத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்லலாம் என்று வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒன்றே காலுக்கு லியோ போன் பண்ணினார்.

"ஃபிலிஸ், மிர்லாந்த் இன்னும் மேல வரல. பன்னெண்டரைக்கே வந்திருக்கணும். அவ வண்டி நிக்குதா பாரு."

ஜன்னலில் பார்த்தேன். பச்சேக்கோவின் லாரி போய், மேலே இன்னும் ஒரு சாண் பனியைப் பூசிவிட்டுப் போயிருந்தது.

"நிக்குது, லியோ."

"தூங்கிட்டா போல. பாவம், ரெண்டு வீட்டுல வேல பாக்குறா. போய்க் கண்ணாடியத் தட்டி எழுப்பி விடேன். என்னால இந்தக் குழாய வெச்சிக்கிட்டு படி எறங்க முடியாது. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி" என்றேன்.

அந்தச் சரியைப் பொய்யென்று சொல்லமுடியாது. போகத்தான் நினைத்தேன். கோட்டைப் போட்டேன், பூட்ஸ் போட்டேன். ஆனால் மணி ஒன்றரை ஆகிவிட்டது. அன்றைக்குப் பள்ளி சீக்கிரம் விடுகிற நாள், ஒன்றேமுக்காலுக்கு மணி அடித்துவிடுவார்கள். பனி நாளில் முனையில் ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நூற்றுப்பதினொரு பிள்ளைகள். பத்தொன்பது வருஷத்தில் நான் ஒருநாளும் தாமதமானதில்லை. காருக்குப் பக்கத்தில்தான் நடந்து போனேன். எல்லாப் பிள்ளைகளையும் பத்திரமாகச் சாலை கடக்கவைத்தேன்.

திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் நின்றது. யாரோ நான்கு பேர் கையாலேயே பனியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். லியோ அந்தக் குழாயையும் பிடுங்கிப்போட்டுவிட்டுப் படியிறங்கி வந்து, சட்டையோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். நான் என் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அந்த நாற்காலி காத்துல பறந்து வந்து ரோட்டுல கெடந்துச்சாம் ஃபிலிஸ். ஒன்னோடதுதான்னு தெரிஞ்சு தொடச்சு ஒன் படியில வெச்சாளாம். காலைல என்கிட்ட சொல்லிச் சிரிச்சா. நான் விளக்கிச் சொல்லியிருக்கணும். சோம்பேறித்தனமா விட்டுட்டேனே."

அப்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். தெரியாமல் செய்திருக்கிறாள், பாவம். ஆனால் ஒரு ஊரில் வாழ வந்தால் அந்த ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது யாருடைய பொறுப்பு? இது என் கருத்து மட்டும்தான். நீங்கள் ஒத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை.

அவ்வளவுதான். பச்சேக்கோவை விட்டுவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?

இன்னொன்று இருக்கிறது. விட்டுவிட்டால் முழுசாகச் சொன்னதாக ஆகாது. பின்பக்கத்துக்கு நான் போவதற்கு முன்னால், ஷவல் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினாள். மடியில் சோற்று டப்பா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் காரைச் சுற்றிக் கிடந்த பனியை நான் எடுத்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"ரொம்ப நன்றி மேடம், நீங்க எதுக்குக் கஷ்டப்படுறீங்க? நான் எறங்கி வரட்டுமா? வண்டிய எடுத்துடட்டுமா?"

வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். "நீ பாட்டுக்குத் தூங்கு, கண்ணு. கண்ணாடிய ஏத்திக்கோ" என்றேன். உடனே ஏற்றிக்கொண்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. வெளியே அப்படிக் குளிர், அந்தப் பெண்ணுக்குப் பழக்கமில்லை.