பேசாதேன்னு சொன்னது மூணு பேரை

செயலர்: ...அதனால பாஸ்டரம்மா, நீங்க ஜெபம் பண்ணுங்க, வேத பாடம் வாசிங்க, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

மனைவி: உக்காந்து சொல்லுங்க ஐயா. நின்னுக்கிட்டே சொன்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு.

செயலர்: எங்க உக்கார்றது? நாற்காலி பூரா புத்தகம்.

மனைவி: அந்தப் பச்சை அட்டையைக் கீழ வைங்க. மெதுவா... இறையியல் கல்லூரி நூலகத்துல கெஞ்சி வாங்கிட்டு வந்தது.

செயலர்: அப்பாடா, என்னா கனம். எல்லாம் வேதாகம உரையா?

மனைவி: எல்லாம் ஒரே கடிதத்துக்கு எழுதின உரை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதினாரே, முதல் கடிதம், அதுக்கு.

செயலர்: ஒரு கடிதத்துக்கு இத்தனையா? எழுதினவரே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாரே.

பாஸ்டர் (சிலேட்டில் எழுதி): நானும் அதைத்தான் சொல்றேன்.

மனைவி: நீங்க சும்மா இருங்க.

செயலர்: அவர் சும்மாதான் இருக்கார் பாவம். தொண்டை எப்படி இருக்கு பாஸ்டர்? அந்தக் கட்டியை எடுத்துத்தான் ஒரு மாசம் ஆகப் போகுதே. டாக்டர் என்ன சொல்றார்?

பாஸ்டர் (சிலேட்டில்): பொறுமையா இருக்கணுமாம்.

செயலர்: எப்ப பேசலாமாம்?

மனைவி: ...காபி போடட்டுமா ஐயா?

செயலர்: வேண்டாம், குடிச்சிட்டுத்தான் வந்தேன். வேற சபையிலேருந்து ஒருத்தரைக் கூப்பிட்டா முடிஞ்சுபோச்சு.

மனைவி: ரெண்டு பேரைக் கூப்பிட்டோமே. முதல்ல வந்தவர் அவர் வீடு கட்டின கதையை அஸ்திவாரத்துலேருந்து சொன்னார். அடுத்தவர் வந்த அன்னைக்கு உங்க தலை முன் பெஞ்சுல முட்டினதை நான் பார்த்தேன்.

செயலர்: அது... கண்ணை மூடி ஜெபத்துல இருந்தேன்.

மனைவி: சரி.

செயலர்: சிரிக்காதீங்க. இங்க பாருங்க, எங்கிட்டயும் ஒரு உரை இருக்கு. கையோட கொண்டு வந்திருக்கேன். பொம்பளைங்க சபையில பேசாம இருக்கணும்னு பவுல் சொன்ன இடத்துக்கு இவர் என்ன எழுதியிருக்கார்? "பொருள் வெளிப்படை." தீர்ந்தது.

மனைவி: ஓ, ஒத்தைவரியா.

செயலர்: என்னது?

மனைவி: படிக்கிறப்ப நாங்க இவருக்கு வச்ச பேர். எதைக் கேட்டாலும் ஒரே வரியில முடிச்சுட்டுப் போயிடுவார்.

செயலர்: நாங்கன்னா யாரு?

பாஸ்டர் (சிலேட்டில்): ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. கிரேக்கத்துல இவ முதல். நான் ஏழாவது.

செயலர்: ஏழாவதும் பரவாயில்லையே. வகுப்புல எத்தனை பேர்?

பாஸ்டர் (சிலேட்டில்): ஏழு.

செயலர்: அட... இதெல்லாம் எனக்குத் தெரியாதே அம்மா. நீங்க இங்க வந்ததுலேருந்து ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்குப் பேழையும் ஒட்டகமும் வரையக் கத்துக் கொடுக்குறதைத்தான் பார்த்திருக்கேன்.

மனைவி: ஒட்டகம் வரையறது அவ்வளவு சுலபம் இல்ல ஐயா. சரி, இதைப் பாருங்க. இந்தப் பச்சை அட்டை நிதானமான ஆளு. இவர் என்ன சொல்றார்னா, அதே அதிகாரத்துல பவுல் மூணு பேரைப் பேசாம இருக்கச் சொல்றார்.

செயலர்: மூணு பேரையா?

மனைவி: ஆவியில வந்து யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுறவர், அர்த்தம் சொல்ல ஆள் இல்லேன்னா பேசக் கூடாது. தீர்க்கதரிசனம் சொல்றவர், பக்கத்துல இன்னொருத்தருக்கு செய்தி வந்தா நிறுத்திக்கணும். அப்புறம்தான் பொம்பளைங்க. மூணு இடத்துலயும் கிரேக்கத்துல அதே வினைச்சொல். முதல் ரெண்டு பேரையும் காலத்துக்கும் வாயை மூடுன்னு யாராவது சொன்னாங்களா? அப்போதைக்கு அடங்கி இருன்னுதானே.

செயலர்: ம்... அப்ப மூணாவதுக்கு மட்டும்...

மனைவி: அதைத்தான் கேக்குறேன். இதே கடிதத்துல மூணு அதிகாரம் முன்னாடி, பொம்பளை ஜெபம் பண்றப்பவும் தீர்க்கதரிசனம் சொல்றப்பவும் தலையை மூடிக்கணும்னு எழுதறார். வாயைத் திறக்கவே கூடாதுன்னா தலைக்குத் துணி எதுக்கு?

செயலர்: என் உரையில அது இல்லையே.

மனைவி: அவர் அந்தப் பக்கத்தையும் ஒத்தை வரியில தாண்டியிருப்பார்.

செயலர்: அந்த நீல அட்டை யாரு? கிழிஞ்சு தொங்குது.

மனைவி: அவர் பேர் சந்தேகம். எதையும் நம்ப மாட்டார். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலதுல இந்த ரெண்டு வசனமும் நடுவுல இல்லாம அதிகாரத்தோட கடைசியில போய் நிக்குது. அதனால இது பவுல் எழுதினதே இல்ல, யாரோ ஓரத்துல எழுதி வச்சது உள்ள புகுந்திடுச்சுன்னு இவர் சொல்றார்.

செயலர்: இருங்க, இருங்க. வசனம் ரெண்டு இடத்துல இருக்கா?

மனைவி: ஒரு பிரதியில இங்க, இன்னொண்ணுல அங்க.

செயலர்: அம்மா, நான் நில அளவையில இருந்தவன். ஒரே எல்லைக்கல்லை ஒரு படத்துல இங்கயும் இன்னொரு படத்துல அங்கயும் காட்டினா, எவனோ பிடுங்கி நட்டிருக்கான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நேரம் பேசியிருக்கவே மாட்டேனே.

மனைவி: கல்லு இடம் மாறியிருக்கு ஐயா. ஆனா கல்லே இல்லாத படம் இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கிடைக்கல. எல்லாப் பிரதியிலயும் எங்கயாவது ஒரு இடத்துல அந்த வசனம் இருக்கு. எனக்குச் சாதகமா இருக்குங்கிறதுக்காக அதை உங்ககிட்ட சொல்லாம விட முடியாது.

செயலர்: ...நீங்க உங்க கட்சிக்கே எதிரா பேசுறீங்களே.

மனைவி: உரை படிக்கிறதுன்னா அதுதானே.

செயலர்: பாஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க? சிலேட்டைத் துடைச்சுட்டு சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி?

பாஸ்டர் (சிலேட்டில்): நான் ஏழாவது.

செயலர்: நல்ல ஆளைக் கேட்டேன். சரி... ஒண்ணு பண்ணலாம். மேல பிரசங்க பீடத்துல ஏற வேண்டாம். கீழ பாடம் வாசிக்கிற மேசைகிட்ட நில்லுங்க. ஒருத்தரும் வாயைத் திறக்காதபடி நான் தீர்மானத்துல தெளிவா எழுதிடறேன். போதகருக்குக் குரல் இல்லாத அவசியத்தை முன்னிட்டுன்னு. சரிதானே?

மனைவி: அவசியம்னேதான் எழுதணுமா ஐயா?

செயலர்: வேற எப்படி எழுதுறது?

மனைவி: எழுதுங்க ஐயா.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்தபின், அதே அறை.

செயலர்: ஒருவழியா முடிஞ்சுது அம்மா.

மனைவி: தாளெல்லாம் கீழ விழுந்ததைப் பார்த்தீங்களா?

செயலர்: பார்த்தேன். பொறுக்கி எடுத்து, வரிசை மாறிப்போச்சுன்னு தெரிஞ்சதும் அதை மூடி வச்சுட்டீங்க பாருங்க. அங்கேருந்துதான் நல்லா போச்சு. அது வரைக்கும் வகுப்புல உக்காந்த மாதிரிதான் இருந்துச்சு, உள்ளதைச் சொல்றேன்.

மனைவி: உங்க மச்சான் எழுந்து போனாரே.

செயலர்: போகட்டும்.

மனைவி: பாட்டுக் குழுவுல பாதிப் பேரும் அவர் கூடவே போயிட்டாங்க. கடைசிப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்ல. நான் பேசினதாலதானே...

செயலர்: ஆர்மோனியம் இல்லாம பாடினோம்ல? கொஞ்சம் மேல கீழ போச்சு, அவ்வளவுதான். மச்சான் வாசல்ல என்னைப் பிடிச்சுக்கிட்டார். "இதுக்கு நீதான் பொறுப்பு, இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னார். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அம்மா. தங்கச்சி முகம் இத்துணூண்டு ஆயிடுச்சு. அவர் பின்னாடியே போனா.

மனைவி: நான் வேணா அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா?

செயலர்: இப்ப வேண்டாம். சூடு ஆறட்டும். அதைவிடப் பெரிய தலைவலி என் வீட்டுலயே ஆரம்பிச்சாச்சு.

மனைவி: என்ன ஆச்சு?

செயலர்: எங்க வீட்டம்மா. ஏதாவது தெரிஞ்சுக்கணும்னா வீட்டுல போய்ப் புருஷனைக் கேக்கட்டும்னு அந்த வசனத்துலயே இருக்குன்னு சொன்னீங்கல்ல? படியிறங்கறதுக்குள்ள கேக்க ஆரம்பிச்சுட்டா. கொரிந்துல கோயிலுக்கு யார் யார் வந்தாங்க, அடிமைங்களுக்குப் புருஷன் கிடையாதே, அவங்க யாரைக் கேப்பாங்க, விதவைங்க யாரைக் கேப்பாங்க... எனக்கு என்ன தெரியும்? நிலம் எவ்வளவுன்னு கேட்டா சொல்லுவேன்.

மனைவி: நல்ல கேள்வி. பச்சை அட்டைகூட அதைக் கேக்கல.

செயலர்: அவகிட்ட அதைச் சொல்லிடாதீங்க, கையில பிடிக்க முடியாது. அந்தப் புத்தகத்தை ரெண்டு நாள் கடன் வாங்கிட்டு வரச் சொன்னா.

மனைவி: எடுத்துக்கிட்டுப் போங்க. பக்கத்தை மடக்க மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க.

செயலர்: சரி, சபை நிர்வாகக் குழுவுல நான் பேசிட்டேன். பாஸ்டருக்குக் குரல் வர்ற வரைக்கும் இதே ஏற்பாடு. அதே மேசை, அதே தீர்மானம். அவசியத்தை முன்னிட்டு. அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் மத்தவங்களை உக்கார வச்சிருக்கேன். வர்றேன் பாஸ்டர். உடம்பைப் பாத்துக்கங்க. சிலேட்டெல்லாம் எடுக்க வேண்டாம், தலையை ஆட்டினா போதும்.

மனைவி: படி ஈரமா இருக்கு ஐயா, பாத்துப் போங்க.

பாஸ்டர்: ...நல்லா பேசினே.

மனைவி: கதவைச் சாத்துங்க முதல்ல.

பாஸ்டர்: என்னடி, என் குரலைக் கேட்டு ஒரு ஆச்சரியம்கூட இல்ல?

மனைவி: தண்ணி குடிங்க. கரகரன்னு இருக்கு.

பாஸ்டர்: டாக்டர் பேசலாம்னு போன வாரமே சொல்லிட்டார். மெதுவா, பொறுமையான்னு. நான்தான் உங்கிட்ட சொல்லல. நான் வாயைத் திறந்துட்டா நீ நிக்க மாட்டேன்னு தெரியும். கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்குறேன், என் பிரசங்கத்துல பாதி நீ சொன்னது. ஒரு தடவையாவது உன் வாயாலயே அவங்க கேக்கட்டும்னு...

மனைவி: ம்.

பாஸ்டர்: கோவமா?

மனைவி: குளிக்கிறப்ப பாடினீங்க.

பாஸ்டர்: என்னைக்கு?

மனைவி: செயலர் வந்தாரே, அதுக்கு முந்தின நாள். தண்ணி விழற சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சீங்களாக்கும்.

பாஸ்டர்: அப்ப... தெரிஞ்சுக்கிட்டேதான் அவர்கிட்ட அவ்வளவு நேரம் வாதாடினியா? எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

மனைவி: கேட்டா நீங்க பதில் சொல்லியிருப்பீங்க. பதில் சொல்லியிருந்தா இன்னைக்கு அங்க நீங்க நின்னிருப்பீங்க. எனக்கு அங்க நிக்கணும்னு இருந்துச்சுங்க, எத்தனையோ வருஷமா... நகருங்க, செருப்பைப் போட்டுக்கறேன். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார். அவசியத்துக்காக நிக்கல, ஆசைப்பட்டுத்தான் நின்னேன்னு சொல்லிட்டு வந்துடறேன். அடுத்த வாரம் என்னை நிறுத்துறதா வேண்டாமான்னு அதைக் கேட்டுட்டு அவங்க முடிவு பண்ணட்டும்.