காய்ச்சிய தண்ணீர்

பதுளையிலிருந்து ஹாலிஎல போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். இளையவளின் மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர்.

"காய்ச்சக் காய்ச்ச விஷம் கூடுமாம் அக்கா," என்றாள் இளையவள். ஜன்னலை மூடப்போன என் கை நின்றுவிட்டது.

"என்ன புள்ள சொல்ற? காய்ச்சினா கிருமி சாகுமே."

"கிருமி இல்லக்கா, உரத்துல உள்ள நைத்திரேற்று. தேயிலை மலையில போடுற உரம் மழையில கரைஞ்சு, நாம ஊத்துத் தண்ணி பிடிக்கிற பீலியில இறங்குதாம். கொதிச்சா தண்ணிதான் வத்தும், அது வத்தாது. நான் பிள்ளைக்குன்னு பாதியாகுற வரைக்கும் காய்ச்சி பால்மா கரைச்சேன். அதான் உதடெல்லாம் நீலமாப் போச்சுன்னு டொக்டர் சொல்றாரு."

"சுத்தம் பண்ண பீலியில மெசின் வச்சாங்களே?"

"அதுக்குள்ள ஏதோ உலோகத் தூள் இருக்கு. கூட ஐதரசன் வாயுவும் போனாத்தான் அது நைத்திரேற்ற உடைக்கும். திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே அந்த வாயு சிலிண்டரை லொறியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. தண்ணி சும்மா பெட்டிக்குள்ள பூந்து வருது. நாமளும் கியூவுல நின்னு பிடிக்கிறோம்."

"அடப்பாவிகளா! தோட்டத்துத் துரை அன்னைக்குப் போட்டோவுக்குக் கிளாஸ் கிளாஸாக் குடிச்சாரே!"

"நாளைக்கும் குடிக்கட்டும். காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுல உரம் போடத்தானே என்னைக் கூப்பிடுவாரு? இந்தப் போத்தல்ல பீலித் தண்ணி பிடிச்சு அவர் முன்னால வைப்பேன். குடிச்சாத்தான் உரக்கூடையத் தூக்குவேன்."

"பச்சைத் தண்ணியவா குடுக்கப்போற?"

குழந்தை கொட்டாவி விட்டது. அவள் அதன் உதட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"சேச்சே. பாதியாகுற வரைக்கும் காய்ச்சித்தான்."