பம்ப் ரூம் கதவு

சாயங்காலம் ஆறரை மணி. மரம் அறுக்கும் மில்லைத் தாண்டினால் தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கும். அதற்கப்புறம் வீடு கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. ரோடு நேராகப் போய் முட்டுவது நீர்த்தேக்கத்தின் கரையில்தான். கரைக்குக் கொஞ்சம் முன்னால், தனியாக ஒரு பழைய பம்ப் ரூம்... அதன் வாசலில் குந்தி உட்கார்ந்து ஒருவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய். அவருடைய மனைவியின் புட்டி.

“மெஷினுக்கு வாங்கினதுங்க அது. முழுசையும் கதவுக்கே ஊத்திடாதீங்க,” என்றாள் அவள்.

“கதவு கத்துதுடி. புதுப் பிள்ளைங்க வர்ற நாளு. வாசல்லயே பயமுறுத்தணுமா?”

புட்டியை மூடி அவளிடம் நீட்டினார். விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தன் தலையிலேயே தடவிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

இது என் சிநேகிதியின் அக்காவுக்கு நடந்தது. அக்கா என்றே சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவி தொலைத்தவர்கள் எந்நேரமும் அவரைத்தான் தேடி வருவார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் பூட்டண்ணன். ஊர்ப் பூட்டையெல்லாம் திறப்பவர், தன் வீட்டுக் கதவை மட்டும் அக்கா திறந்துவிட்டால்தான் உண்டு என்று கேலி பேசுவார்கள். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாரணர் படையை நடத்தினார்கள். படை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பிள்ளைகள் நாலு பேர். புதிதாகச் சேர வந்தவர்கள் அன்றைக்கு மூன்று பேர். நாலாவதாக ரொட்டிக் கடைக்காரரின் மகனும் வருவதாகச் சொல்லியிருந்தான். அவனைத்தான் இன்னும் காணவில்லை.

அவர்கள் கூடும் இடம் அந்த பம்ப் ரூம். பம்பைக் கழற்றிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சுவரோடு ஓடும் தடித்த குழாய் ஒன்று மட்டும் மிச்சம். ஜன்னல் கிடையாது. கூரையோரம் கை நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துளை. ஒரே கதவு, உள்பக்கமாகத் திறப்பது.

புதியவர்களைச் சேர்க்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. பூட்டண்ணன் கண்டுபிடித்த முறை. உள்ளே விளக்கை அணைத்துவிடுவார்கள். புதிதாக வந்தவர் வெளியே தனியாக நின்று கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து “யாரது?” என்று கேட்பார்கள். “புதுசா வந்திருக்கேன்” என்று பதில் சொல்ல வேண்டும். “எதுக்கு வந்த?” என்றால் “சேர்றதுக்கு” என்று சொல்ல வேண்டும். உடனே கதவு திறக்கும். இருட்டில் ஒரு கை நீண்டு, வந்தவரின் இடது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். முகத்தைப் பார்த்து நம்புவது எல்லோரும் செய்வது, கையைப் பிடித்தே நம்பப் பழக வேண்டும் என்பார் பூட்டண்ணன். பிறகு கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டுவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. யார் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாரோ, அவரே அன்றிரவு அந்தப் பிள்ளையை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். பாதியில் கையை உதறிவிட்டு வரக் கூடாது.

நல்ல விதிதான்... அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பூட்டண்ணன் தன் சாவிக் கொத்தைச் சுவர் ஆணியில் மாட்டினார். இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டார். அக்கா விளக்கை ஊதி அணைத்தாள்.

முதலில் ஒரு பெண் வந்தாள். உள்ளே வந்ததும் வாய் ஓயாமல் பேசினாள். அடுத்து ஒரு பையன், கை முழுக்க வியர்வை. மூன்றாவது பிள்ளை “சேர்றதுக்கு” என்று சொல்ல மறந்து “எங்கம்மா அனுப்புனாங்க” என்றது. உள்ளே ஒரே சிரிப்பு. மூவரையும் பழைய பிள்ளைகளில் மூவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அக்கா விளக்கைத் தேடித் துழாவினாள்.

அப்போது தட்டும் சத்தம்.

மெதுவாக... கதவின் கீழ்ப்பக்கத்தில்.

ரொட்டிக் கடைப் பையன் ஒருவழியாக வந்துவிட்டான் என்று கிசுகிசுத்தார்கள். அக்கா விளக்கை விட்டுவிட்டாள். அவனுக்கென்று தைத்த நாலாவது ஸ்கார்ஃப் அவள் மடியில் தயாராக இருந்தது.

“யாரது?” என்றார் பூட்டண்ணன்.

பிறகு, “புதுசா வந்திருக்கேன்.”

ரொம்பச் சின்னக் குரல். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

“எதுக்கு வந்த?”

“வீட்டுக்குப் போகணும்.”

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். பூட்டண்ணனும் சிரித்தார். “மொதல்ல சேரு, அப்புறம் போலாம். உள்ள வா.”

தாழ்ப்பாள் விலகியது. எண்ணெய் போட்ட கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. சில்லென்று ஒரு வாடை உள்ளே வந்தது. பாசி வாடை, பழைய இரும்பு வாடை. கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது.

“என்னப்பா கை இப்படிச் சில்லுனு இருக்கு? மழையில நனைஞ்சியா?” என்று கேட்டார் பூட்டண்ணன்.

மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அக்கா இருட்டிலேயே ஸ்கார்ஃபை நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவர்தான் வாங்கினார் என்று அவள் நினைத்தாள். மனைவிதான் கட்டிவிடுகிறாள் என்று அவர் நினைத்தார்.

விளக்கை ஏற்றினாள்.

புதியவர்கள் மூன்று பேர். பழையவர்கள் நாலு பேர். அவ்வளவுதான். பூட்டண்ணன் கதவோரம் நின்றார். இடது தோளைச் சற்றுச் சாய்த்து, கையைத் தாழ்த்தி, ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது போல... விரல்கள் ஒன்றோடொன்று நெரிபட்டு நகம் வெளுத்திருந்தது. கையில் எதுவும் இல்லை. ஸ்கார்ஃபையும் காணவில்லை.

பிள்ளைகள் அவர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தார்கள். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கிட்டே போனாள். அவர் அவள் காதருகில் மட்டும் சொன்னார்:

“விடமாட்டேங்குது.”

அக்கா தாழ்ப்பாளை விலக்கிக் கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. பெரிய பிள்ளைகளும் வந்து சேர்ந்து இழுத்தார்கள். சற்று முன் காற்றைப் போலத் திறந்த கதவு, சுவரோடு சேர்த்துக் கட்டியது போல நின்றது.

அப்புறம்தான் பிள்ளைகளுக்குப் பயம் வந்தது. ஒன்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. காற்றுத் துளை பக்கம் ஏறிக் கத்தினார்கள். யாருக்குக் கேட்கும்? மில் சாயங்காலமே மூடிவிடும். கைப்பேசி எல்லாம் வராத காலம்.

பூட்டண்ணன் வலது கையால் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். “கதவு தொறக்கலன்னா கதவையே கழட்டிட்டாப் போச்சு,” என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். ஒற்றைக் கையால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். இன்னொரு கை கீழே தொங்கியபடியே இருந்தது. அவ்வப்போது அந்தத் தோள் மட்டும் வெடுக்கென்று இழுபடும். கழற்றிய திருகாணிகளை அக்கா தன் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மேல் கீல் வந்துவிட்டது. கீழ்க் கீலும் வந்துவிட்டது. தாழ்ப்பாளையும் எடுத்தாயிற்று.

இப்போது அந்தக் கதவைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை.

ஆனாலும் நின்றது.

தொழில் தெரிந்தவர் இல்லையா... அவர் முகம் மாறியது அப்போதுதான். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று அக்காவுக்குத் தெரியாது. அறைக்குள் காற்று கனத்துப்போனது. விளக்குத் திரி குறுகியது. எப்போதோ வற்றிப்போன அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம்... க்ளக்... க்ளக்... பிள்ளைகள் அக்காவைச் சுற்றி ஒண்டிக்கொண்டார்கள். எங்கம்மா அனுப்புனாங்க என்று சொன்ன பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இளைப்பு நோய்க்காரப் பிள்ளை. மருந்து வீட்டில் இருந்தது. அக்கா அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு மூச்சும் போன மூச்சைவிடக் குட்டையாக வந்தது.

பழைய பிள்ளைகளில் உயரமான பெண் ஒருத்தி இருந்தாள். நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவள்தான் சொன்னாள். பயந்து பயந்து சொன்னாள்.

“அண்ணா... கையைப் பிடிச்சவங்கதானே வீட்ல கொண்டுபோய் விடணும்?”

குழாய்ச் சத்தம் நின்றுபோனது. காது கொடுத்துக் கேட்பது போல.

பூட்டண்ணன் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். அவர் மூச்சு இழுக்கும் பிள்ளையைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்தார். தன் இடுப்புயரத்துக்கும் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து, எந்தப் புதுப் பிள்ளையிடமும் பேசும் அதே குரலில் கேட்டார்:

“உன் வீடு எங்க இருக்கு? வழி சொல்வியா?”

அவர் காதைக் கீழே சாய்த்தார்.

“சரி, வா. நானே கொண்டுபோய் விடறேன்.”

கதவு திறந்தது.

விழவில்லை. கீல் இருப்பது போலவே, வழக்கமாகத் திறக்கும் பக்கமாகவே, சத்தமில்லாமல் திறந்தது. வெளியே நல்ல நிலா. அக்கா பாய்ந்துபோய் அவருடைய வலது கையைப் பிடித்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

“பிள்ளைங்களை விட்டுறாத. அதுக்கு மூச்சு இழுக்குது பாரு, மொதல்ல அதை வீட்ல சேத்துடு. நான் விட்டுட்டு வந்துர்றேன்.”

ஏழு பிள்ளைகள் அவள் சேலையையும் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளால் எப்படிப் பின்னால் போக முடியும்? வாசலில் நின்று பார்த்தாள். அவர் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. கரைப் பக்கம் போனார். வேகமாக நடக்கும் மனிதர், அன்றைக்குச் சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார். கூட வருபவரின் கால் குட்டை என்பது போல. நடுவில் ஒருமுறை குனிந்து எதையோ கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். மறுபடி நடந்தார். கரை மேட்டில் ஏறி... அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.

மூச்சு இழுத்த பிள்ளை பிழைத்துக்கொண்டது. அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வாசலில் விட்டாள். கடைசியாக ரொட்டிக் கடைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பையனுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல், படுக்கையை விட்டு எழவே இல்லை என்றார்கள். தட்டியது அவன் இல்லை என்று அவளுக்கு முன்பே புரிந்திருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

நீர்த்தேக்கத்தில் ஆள் விட்டுத் தேடினார்கள். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டும் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு செருப்புகூட இல்லை.

படையைக் கலைத்துவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. விட்டுட்டு வந்துர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், வந்து தட்டும்போது உள்ளே ஆள் இல்லாவிட்டால்? இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த வருஷம் புதியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இந்த முறை விளக்கை அணைக்கவில்லை. கேள்வியும் கிடையாது, தட்டுவதும் கிடையாது. இரண்டு பேரையும் நேராக உள்ளே அழைத்து, வெளிச்சத்திலேயே ஸ்கார்ஃப் கட்டினாள். கதவைச் சாத்தினாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

கதவின் கீழ்ப்பக்கத்தில்... மெதுவாக.

பிறகு அதற்கு மேலே இன்னொன்று. ஒரு ஆளின் தோள் உயரத்தில்.

நெட்டை அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரது என்று யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே பதில் வந்தது. அவருடைய குரல். எண்ணெய்ப் புட்டியைத் திருப்பித் தந்தபோது இருந்த அதே குரல். ஆனால் வாயில் தண்ணீர் இருப்பது போல...

“புதுசா வந்திருக்கேன்.”

அக்காவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ‘உள்ள வா.’ இரண்டே வார்த்தை. ஒரு வருஷமாக அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லத்தான் காத்திருந்தாள். வாய் திறந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் புதுப் பிள்ளை ஒன்று, “யாருக்கா அது? ஏன் உள்ள கூப்பிடல?” என்று கேட்டது.

அவள் மடியில் மிச்சமிருந்த ஸ்கார்ஃப் ஒன்றைச் சுருட்டித் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். விடியும்வரை எடுக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் புதியவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும், எல்லோரும் உள்ளே வந்த பிறகு, அந்தச் சத்தமும் கேட்கிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று. அக்கா உள்ளே உட்கார்ந்திருப்பாள். கூப்பிடவும் முடியாது. எழுந்து போகவும் முடியாது.

அவருடைய சாவிக் கொத்து அந்த ஆணியிலேயே தொங்குகிறது. அன்றைக்குக் கழற்றிய கீல் இரண்டும், திருகாணிகளும், அக்கா வீட்டில் பொத்தான் டப்பாவுக்குள் இருக்கின்றன. திருப்பி மாட்டவே இல்லை.

கதவு இன்றைக்கும் நன்றாகத்தான் திறந்து மூடுகிறது.