மூன்றாவது ஓலைக்கு முன் லூர்துசாமி விட்டுப்போன கட்டு

தலைமை வகிக்கும் வக்கீல் சந்திரமௌலி ஐயர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, சாந்தோமிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து வாசகசாலையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் லஸ்ஸில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் தனிஸ்லாஸ். நாலாவது பாரத்தோடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். நான் அடிக்கடி நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதை முன்வரிசைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். மேடைக்கூச்சம் என்று நினைக்க வேண்டாம். காரணம் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

உயில் லூர்துசாமி அண்ணன் போய்விட்டார். ஐயர் அவர்களின் ஆபீசில் முப்பது வருஷம் நகல் எழுதியவர். ஓய்ந்த நேரமெல்லாம் செத்தவர்களின் உயில்களைத் தேடிப் படித்து, உயிரோடிருப்பவர்களுக்குச் சொந்தம் கண்டுபிடித்துக் கொடுத்தவர். பெண்கள் பக்கம் இருக்கும் ஹாஜிரா பீ அம்மாவைக் கேளுங்கள். ஐம்பது வயது வரை தனக்கு யாருமே இல்லை என்றிருந்தவர். ஒரு தோல் மண்டி முதலாளியின் உயிலில், 'என் தங்கை பெற்ற பெண்ணுக்குக் கல் வைத்த தோடு' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தெருத் தெருவாக அலைந்தார். இன்று அந்த அம்மாவுக்கு ஈதுக்குச் சாப்பாடு அனுப்ப மூன்று வீடு இருக்கிறது. யார் செய்தது? லூர்துசாமி அண்ணன் செய்தது.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கண்டுபிடித்த சொந்தம் யாரென்று ஒரு ஆளிடம் தனியாகச் சொல்லமாட்டார். நகலைச் சிவப்பு நூலால் கட்டி, இரண்டு வீட்டாரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நீங்களே அவிழ்த்து நீங்களே உரக்கப் படியுங்கள் என்பார். தனியாகப் படிக்கிறவன் தனக்குப் பிடிக்காததை முழுங்கிவிடுவான் என்பது அவர் கண்ட அனுபவம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் எதற்குப் போனேன்? பெருமைக்குப் போனேன். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே என் தகப்பனார் காலமானார். அவரைப் பெற்ற பாட்டன் அந்தோணி, வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன ஒரு துபாஷி வீட்டில் பல்லக்கோடு சம்பந்தப்பட்டவர் என்று மட்டும் கேள்வி. மகள் கல்யாணப் பத்திரிகையில் அதைப் போட ஆசை. அண்ணன் துபாஷியின் உயிலைப் படித்துவிட்டுக் கடைக்கே வந்தார்.

"இன்னா தனிஸ்லாஸு, உங்க பாட்டன் பல்லக்குல போவலை நைனா. தூக்கினவரு. நல்லா தூக்கினாருன்னு ஒரு பசுமாடு எழுதி வச்சிகீறாங்க."

"அதையாவது பத்திரிகையில போடலாமா அண்ணே?"

"பசுமாட்டைப் போடு. படம் நல்லா இருக்கும்."

சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். அவர் தேடினால் பாதியில் விடுகிறவரா?

என் மகள் அருள்மேரியை, அதோ முன்வரிசையில் இருக்கும் மாசிலாமணி அவர்களின் மகனுக்கு நிச்சயம் செய்திருப்பது உங்களுக்குத் தெரியும். கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் சொல்லவும் என்று சாமியார் இரண்டு முறை கேட்டார். போன ஞாயிறு இரண்டாம் ஓலை முடிந்து வெளியே வரும்போது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தோணிக்கு ரெண்டு பிள்ளைங்க. சின்னவனைத் தத்து குடுத்துட்டாரு. எந்த வீட்டுக்குன்னு பார்த்துட்டேன். மூணாவது ஓலைக்கு முன்னாடி வா. உன் சம்பந்தியையும் இட்டுக்கினு வா."

"சம்பந்தி எதுக்கு அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாசிலாமணியின் தகப்பனார் தத்துப் பிள்ளை என்று பெண் பார்க்கப் போன அன்றே சொன்னார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என் தகப்பனும் அவர் தகப்பனும் கூடப் பிறந்தவர்களாக இருந்தால்? நாங்கள் பங்காளிகள். பிள்ளைகள் அண்ணன் தங்கை.

போனேனா? திங்கட்கிழமை பஞ்சர் ஒட்டினேன். செவ்வாயும் ஒட்டினேன். மயிலாப்பூரில் அத்தனை பஞ்சர் கிடையாது. புதன்கிழமை காலை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கெல்லாம் முதலில் அழுகை வந்திருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. நேற்று அவர் மனைவி, என் சட்டைப்பையில் இருக்கும் இந்தச் சிவப்பு நூல் கட்டைக் கொடுத்து, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிரிக்கணும்னாரு" என்றார்.

எரித்துவிடலாம் என்று கட்டோடு அடுப்பெதிரில் நின்றேன். அருள்மேரி பார்த்துவிட்டாள். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பிரிச்சுடுங்க நைனா. கட்டிக்கினு ஆயுசு பூரா அவரு மூஞ்சியைப் பார்த்துப் பயப்படச் சொல்றீங்களா?"

சோறு வடித்துக்கொண்டே கேட்டாள். நான் கட்டை மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் விட்ட பணியை நாம் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இந்த மேடையிலிருந்து இறங்குவார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் நாளை தொடர்வேன் என்று இறங்கினால், இந்தக் கட்டு இன்றே அடுப்புக்குள் போய்விடும். என்னை எனக்குத் தெரியும். நாளை காலை மூன்றாவது ஓலையை வாசிக்கப்போகிற சாமியாரும் இங்கேயே இருக்கிறார். அதனால் உங்கள் அத்தனை பேர் முன்பாக, அண்ணன் வழக்கப்படியே செய்யப் போகிறேன்.

சம்பந்தி, கொஞ்சம் மேடைக்கு வாங்க. இனிமே உங்களை அப்படிக் கூப்பிடுவேனா, அண்ணேன்னு கூப்பிடுவேனா, தெரியாது. நூலோட ஒரு முனையை நீங்க பிடிங்க. இன்னொரு முனை என் கையில இருக்கு.