ஒன்பது நிமிட வாசகி

நான் எழுதியதை என் மனைவிகூடப் படித்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதுகிறவனுக்கு இது பழகிப்போன விஷயம். சேதராப்பட்டு ஆலை விவகாரம் வெளியே போனது எப்படி என்று குழுவில் எல்லோரையும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன்.

நம் ‘மொட்டை’ இலவச மென்பொருள். மொட்டைக் கடிதாசி போடுவது போல, தொழிலாளிகள் பெயர் தெரியாமல் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் அனுப்பலாம். நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதை எழுதியது சுடர்விழி. எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பதினான்கு பக்கங்களை எழுதியது நான். சுடர்விழிக்குப் போகிற இடமெல்லாம் கைதட்டல். என்னைத் திட்டிக்கூட ஒருவரும் எழுதியதில்லை.

பக்கங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும் கருவியைச் சேர்க்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

“படிக்கிறவங்கள நாங்க பின்தொடர மாட்டோம்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு. நீங்கதானேண்ணே எழுதுனீங்க?” என்றாள்.

நான்தான் எழுதினேன். நல்ல வாக்கியம் அது, அதனால் அதைத் தொடவில்லை. எண்ணும் கருவிக்கான ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்து, மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று போட்டேன். எல்லாம் எல்லோர் கண்முன்னும்தான் இருந்தது. எழுத்துப்பிழைத் திருத்தத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் நான். ஒருவர் கடற்கரைப் பக்கத்து விடுதியிலிருந்து வந்தார். முடி இறக்க இடம் தேடியிருப்பார் போல, நான்கு விநாடியில் போய்விட்டார். இன்னொருவர் சேதராப்பட்டில் ஒரு தகடு ஆலையின் வைஃபையிலிருந்து வந்தார். பழைய மாடல் போன், சாப்பாட்டு இடைவேளை, மணி ஒன்று பத்து. ‘பெயர் தெரியாமல் புகார் அனுப்புவது எப்படி’ என்ற பக்கத்தில் ஒன்பது நிமிடம் இருந்தார். மறுநாளும் ஒன்பது நிமிடம். அடுத்த வாரம் முழுக்க அப்படியே. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட யாரும் அவ்வளவு நேரம் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆலையின் எச்.ஆர். மேலாளர் தெய்வசிகாமணி, சாரம் பகுதியில் எங்கள் தெருக்காரர். டீக்கடையில் போனை நீட்டிக் காட்டினேன்.

“உங்க கம்பெனில எனக்கு ஒரு ரசிகர் இருக்காரு சார்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இன்னா போனுன்னு கூடவா தெரியுது?”

“நேரம், போனு, எந்தப் பக்கம், எல்லாந்தான்.”

“எனக்கு அனுப்பி வைங்களேன். யாருன்னு பாத்துச் சொல்றேன்.”

நெடுநேரம் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். டீ ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன். அவர் எதற்குத் தேடுவார் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு வைத்ததே நான்தான்.

திங்கட்கிழமை என் வாசகர் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது.

மீதியைப் பிறகு சுடர்விழி சொன்னாள். தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில், கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை வாங்குகிறார்கள் என்று கலைமகள் என்ற பெண் புகார் எழுத இருந்தாள். அனுப்புவதற்குள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் இடத்துக்கு ஜெயம் என்ற புதுப் பெண் வந்தாள். நான்காம் நாள் ஜெயத்தின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

நெல்லித்தோப்புப் பகுதியில் கலைமகளின் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“அந்தப் பக்கத்தை எழுதுனது நான்தாம்மா. தெனமும் ஒம்போது நிமிஷம் படிச்சீங்களே, எந்த எடம் புடிச்சிருந்துது?”

நான் எப்படி நிமிடக் கணக்குச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. களைப்பாக இருந்தாள்.

“எங்க சார் புடிக்கிறது? பேரை மறைக்கிறதுக்கு இன்னா பண்ணணும்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடம் ஒண்ணுமே புரியல. தப்பா அமுக்கிப் பேரு வெளிய தெரிஞ்சிடப் போவுதுன்னு பயம். அதான் தெனமும் மொதல்லேர்ந்து படிச்சிப் பாத்தேன்.”

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்தியை மாற்றி எழுதினேன். வரியைச் சேர்த்ததும் நான், ஆளைக் காட்டிக்கொடுத்ததும் நான், மறுக்கவில்லை. ஆனால் செய்த தவறைச் சரிசெய்யத் தெரிந்தவன் என்பதையும் குழு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தி இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. இந்த வாரம் நாற்பது பேர் படித்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சேதராப்பட்டிலிருந்துதான் இன்னும் ஒருவரும் வரவில்லை.