நாலு வாரப் பசை

பல்லுக்கு உறை போட வருகிறவர்கள் உறையைப் பற்றித்தான் கேட்பார்கள். வெள்ளையா, உலோகமா, எத்தனை வருஷம் தாங்கும் என்று. எந்தப் பசையால் ஒட்டப் போகிறீர்கள் என்று பதினாறு வருஷத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.

சார்ஜன்ட் ஸம்சுதீன், மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டேஷன் பெரிய ஐயாவிடம் சிங்களத்தில் சொல்லவும் எனக்கு வரும். பலாங்கொடையில் என் பல் கிளினிக்கில் பொழுது முழுக்க சிங்களத்தில்தான் போகிறது. ஆனால் இதைத் தமிழில் சொல்வதுதான் சரி.

பசைகள் பல உண்டு. பழைய துத்தநாக பொஸ்பேட்டைக் குளிர்ந்த கண்ணாடித் தட்டில் அவசரப்படாமல் குழைக்க வேண்டும். கிளாஸ் அயனோமர் பல்லோடு தானாகவே பற்றிக்கொள்ளும். ரெசினால் ஒட்டினால் பிறகு உறையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இவை தவிர, கிராம்பு மணக்கிற தற்காலிகப் பசை ஒன்று இருக்கிறது. உறை பொருந்துகிறதா, கடிக்கும்போது இடிக்கிறதா என்று சில வாரம் பார்ப்பதற்கு அது. துளி வாஸ்லின் சேர்த்தால் பிடி இன்னும் இளகும். இதெல்லாம் எங்களுக்கு முறையாகக் கற்றுத் தருவதுதான்.

சுதர்ஷினி றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். 2003 ஜூனில் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு என்னிடம் உறை போட்டாள். அன்று தற்காலிகப் பசை வைத்ததில் தப்பில்லை. நாலு வாரத்தில் கழன்றது. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் உறையை வைத்து, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பாடம் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே கழண்டுருச்சு அக்கா. பிள்ளைங்க முன்னால வாயைப் பொத்திக்கிட்டு ஓடினேன்” என்று சிரித்தாள்.

அதுவரை டொக்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அக்கா என்றாள்.

நானும் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவள்தான். எண்பத்து மூன்றில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்ததால் நின்றுவிட்டேன். பிறகு என்னை அக்கா என்று கூப்பிட ஆளில்லை. சுதர்ஷினி பேசியது எங்கள் வீட்டுப் பேச்சு. மத்தியானம் என்னோடு சாப்பிட்டாள். மூன்று மணி பஸ் வரும்வரை கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சண்டைகளையெல்லாம் நடித்துக் காட்டினாள். அதற்கு முன்பு, அவளை நாற்காலியில் சாய்த்தபோது, கிளாஸ் அயனோமரைத்தான் எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கிராம்புப் பசையையே மறுபடி எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

வாஸ்லினின் அளவு இரண்டு மூன்று தடவையில் கைக்கு வந்துவிட்டது. கடுகளவு என்றால் ஆறு வாரம், மிளகளவு என்றால் நாலு வாரம். போயாவுக்குப் போயா நாலு வாரம்தான்.

“எம் பல்லுதான் சரியில்ல போல அக்கா” என்பாள்.

“குட்டைப் பல்லு. பிடிமானம் கம்மி” என்பேன். அது பொய்யில்லை, அவளுடைய பல் கொஞ்சம் குட்டைதான்.

பெப்ரவரியில் வந்தபோது அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தத் தடவ நல்லா இறுக்கமா ஒட்டி விட்டுருங்க அக்கா. அவருக்குக் கொழும்புப் பக்கம் வத்தளையில வேல கெடச்சிருச்சு. ஏப்ரல் லீவோட நாங்க போறோம். அங்கிருந்து சும்மா சும்மா வர ஏலாது தானே.”

நல்ல செய்தி என்றேன். மனமாரத்தான் சொன்னேன். பிறகு கண்ணாடித் தட்டை எடுத்து, தற்காலிகப் பசையைப் பிதுக்கி, வாஸ்லினை மிளகைவிடப் பெரிதாக வைத்துக் குழைத்தேன். கிராம்பு வாசம் அவளுக்குப் பழகியிருந்தது. வேறு பசைக்கு வேறு வாசம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் தொடக்கத்தில் தீப்பெட்டி இல்லாமல் வந்தாள். விடிந்து எழும்பியபோது வாயில் உறை இல்லையாம்.

“முழுங்கிட்டேன் போல” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். இரண்டு நாளாகவே இருமுகிறாளாம்.

என் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் மூச்சு தெளிவாக இருந்தது. வலது பக்கம், கீழே, ஒரு சீழ்க்கைச் சத்தம். உறை வயிற்றுக்குள் போகவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால், ஒரு படம் எடுத்துப் பார்த்து, குழாய் விட்டு எடுத்திருப்பார்கள். எப்படிக் கழன்றது என்று கேட்டிருப்பார்கள். அவளும் கேட்டிருப்பாள்.

“வயித்துல போனது தானா வெளியே போயிரும்” என்றேன். புதிய உறைக்கு அச்செடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன்.

காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தேன். இறங்கும், பத்து நாளில் திரும்ப ஏறும். வேறு மாத்திரை கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னேன், வந்தாள். வத்தளைப் பயணம் தள்ளிப்போயிற்று. ஒரு நாள் அவளுடைய புருஷன் கஜேந்திரனும் கூடவே வந்தார். அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு வாசலில் என்னிடம் கேட்டார்.

“சளி நாத்தமா வருதுங்க மிஸ். ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டுங்களா?”

“றக்வானப் பனிக்கு இது எல்லாருக்கும் வர்றதுதான். நான் பார்த்துக்கிறேன்.”

“நீங்க சொன்னா சரிங்க மிஸ்” என்றார். எங்கள் ஆட்களில் ஒருத்தி டொக்டர் என்றால் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை.

அந்த ஏழு வாரமும் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். பேச முடியாமல் மூச்சு வாங்கும், அப்போது நான் பேசுவேன். என் தங்கைகளைப் பற்றி யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

ஏப்ரல் கடைசியில் இரத்தமாக இருமினாள். கஜேந்திரன் என்னிடம் சொல்லாமலே அவளை ரத்தினபுரிக்குக் கொண்டுபோனார். அங்கே எடுத்த படத்தில் வலது நுரையீரலுக்குள் ஒரு கடைவாய்ப் பல் வெள்ளையாகத் தெரிந்ததாம். மறுநாள் இறந்துவிட்டாள்.

இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: “சும்மா வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாம் தானே, மிஸ்?”

கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை என்றால் நம்புவீர்களா? தோன்றியது. வர ஏலாது அக்கா என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. பசை அப்படிச் சொல்லாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரம் கொழும்பிலிருந்து புதிய உறை வந்தது. இருமல் இடைவிடாமல் வந்ததால் ஒட்டுவது சிரமமாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, இறுக்கமா ஒட்டுங்க அக்கா என்றாள். சரி என்றேன். பழையது அவளுடைய நெஞ்சுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, புதியதையும் அந்தத் தற்காலிகப் பசையால்தான் ஒட்டினேன். வாஸ்லின் மிளகளவு. மே மாத வெசாக் போயாவுக்குள் கழன்றுவிடும்.

வத்தளை எவ்வளவு தூரம், சார்ஜன்ட். அங்கிருந்து என்னைப் பார்க்க வருவதற்கு அவளுக்கு ஒரு காரணம் வேண்டாமா?